ஜன்னல் பக்கம் பார்த்த இருவர்

இடது கையின் மூன்று விரல்கள் கீபோர்டின் மூலையில் தயாராக நின்றன. வலது கை மவுஸைப் பிடித்திருக்கவில்லை, அதன்மேல் சும்மா கிடந்தது. தேவைப்பட்டால் மட்டும் ஒரு நூல் அளவு நகர்ந்தது. திரையில் ஒரு ஆணின் குரல் மேடும் பள்ளமுமான கோடாக நீண்டு கிடந்தது. "நீ போகணும்னா போ" என்பதற்கும் "ஆனா ஒரு பதில் சொல்லிட்டுப் போ" என்பதற்கும் நடுவில் அந்த ஆள் மூச்சே விடவில்லை. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்போல ஒரே இழுப்பில் சொல்லி முடித்திருந்தார். விரல்கள் அந்த இடத்தில் வெட்டின. பின்பாதியைத் தள்ளி வைத்தன. நடுவில் விழுந்த ஓட்டையில், அதே ஆள் வேறொரு நாள் வேறொரு காட்சியில் இழுத்திருந்த மூச்சு ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தின. ஓடவிட்டுக் கேட்டபோது அது மாடிப்படி ஏறி வந்தவனின் மூச்சாக இருந்தது. எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தன. அது தூங்கி எழுந்தவனின் மூச்சு. மூன்றாவது மூச்சுதான் ஒரு பெண்ணிடம் எதையோ கேட்கப் பயப்படுகிறவனுடையதாக இருந்தது. கைகள் அதை அங்கேயே விட்டன.

இப்படி மூச்சுகளைச் சேர்த்து வைப்பதற்கு அவளிடம் தனி ஃபோல்டர் உண்டு. டாக்டருடையது மட்டும் இருநூற்றுச் சொச்சம்.

டாக்டர் என்றால் நிஜ டாக்டர் இல்லை. சீரியலின் கதாநாயகன். கதையில் டாக்டர் என்பதால் கம்பெனியில் டீ கொடுப்பவர் முதல் டைரக்டர் வரை எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கதாநாயகி, மருமகள். சீரியலை வெட்டி ஒட்டுகிற இவளுக்குப் பெயர் கத்தரி. அவள் வேலைக்கு வந்த காலத்திலேயே எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, ஃபிலிமைக் கத்தரிக்கோலால் நறுக்கியதே கிடையாது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் போனதும் நாற்காலியோடு சேர்த்துப் பெயரும் இவளுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை மணி ஒன்பது நாற்பது. மாலை நான்கு மணிக்கு நூற்று நாற்பத்தாறாவது எபிசோட் சேனலில் இருக்க வேண்டும். வழக்கமான எபிசோடாக இருந்தால் கத்தரி இந்நேரம் இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருப்பாள். இன்று முதல் டீயே ஆடை கட்டிக் கிடந்தது. ஒரு ஷாட்டை வைப்பாள், எழுந்து கதவுவரை போவாள், திரும்பி வந்து உட்காராமலே குனிந்து அதை எடுப்பாள்.

இரண்டு வாரத்துக்கு முன் சேனலிலிருந்து ஒரு சேதி வந்திருந்தது. ஜோடி ஒட்டவில்லை. ஐந்து மாதமாக ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும் கணவனும் மனைவியும் நூற்று நாற்பத்தாறில் மனம் விட்டுப் பேசப் போகிறார்கள். பெட்டி கட்டிவிட்ட மனைவியைக் கணவன் போகாதே என்று கேட்கும் காட்சி. அதிலாவது ஒட்டினால் சரி. ஒட்டாவிட்டால் திங்கள்கிழமை புது மருமகள். டாக்டரை மாற்றுவது பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் முகம் ஊரிலுள்ள பஸ்களின் முதுகில் ஒட்டியாகிவிட்டது.

ஜோடி ஒட்டவில்லை என்பதைச் சேனல் சொல்லித்தான் கத்தரி தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. வீட்டிலேயே ஒரு சேனல் இருந்தது. கணவனின் அக்கா, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு சுவர் தள்ளி அடுத்த போர்ஷனில் இருந்தார். துணி மடித்தபடியே ஐந்து சீரியல் பார்ப்பார். அதில் தம்பி பெண்டாட்டி வெட்டுவதும் ஒன்று என்பதால் அதற்கு மட்டும் இரட்டைக் கவனம். அன்று காலை கத்தரி செருப்பு மாட்டும்போதுகூட வாசலில் நின்று கருத்துச் சொன்னார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ரெண்டு பேரு இதைவிட நெருக்கமா நிப்பாங்க. உன் புருஷனையே கேட்டுப்பாரு, தினம் கதவத் திறந்து விடுறவன்தானே."

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர் பல் துலக்கிக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார்.

ஜோடி என்பது என்ன என்று கத்தரிக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பத்தொன்பது வயதில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை ஒன்றில் டேப்புகளுக்கு லேபிள் எழுதும் வேலைக்குப் போனாள். எந்த டேப்பில் யாருடைய கல்யாணம் என்று எழுத, ஒவ்வொன்றையும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஓட்ட வேண்டியதை அவள் முழுக்க ஓட்டினாள். இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க என்று கேமராக்காரர் சொன்னதும் சில ஜோடிகளுக்குத் தோள் நெருங்கும், கால் விலகும். சிலர் நெருங்கவே மாட்டார்கள். ஆனால் பெண் தும்மினால் மாப்பிள்ளையின் கை தன் பாக்கெட்டில் கைக்குட்டையைத் துழாவும். கேமரா ஓடுகிறது என்று தெரிந்தபோது சிரித்தவர்களும், நின்றுவிட்டது என்று நினைத்தபோது சிரித்தவர்களும் வேறு வேறு ஆட்கள். முதலாளி அந்த முன்துண்டையும் பின்துண்டையும் வெட்டி எறியச் சொல்வார். அவள் எறியாமல் ஒரு தனி டேப்பில் சேர்த்தாள். குப்பைத்தொட்டியில் குடித்தனம் நடத்துகிறாள் என்று அவர் கேலி செய்தார். ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட, அவசரமாகக் கேட்ட ஒரு கல்யாணத்தை அவளே முழுக்க வெட்டிக் கொடுத்தாள். மணப்பெண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, என் மகள் இப்படிச் சிரிப்பாளா என்று கேட்டாராம். அதன்பிறகு முதலாளி கேலியைக் குறைத்துக்கொண்டார்.

தன் கல்யாண வீடியோவையும் அவளேதான் வெட்டினாள். மண்டபத்தில் ஒரு மின்விசிறி ஆட்டம் கண்டிருந்ததால் மாப்பிள்ளை அதைப் பதினொரு தடவை பார்த்திருந்தார். இவளைப் பார்த்தது இரண்டு தடவை. விசிறியை எடுத்துவிட்டு இரண்டையும் வைத்துக்கொண்டாள். இரண்டும் கேமரா வேறு யாரையோ எடுப்பதாக அவர் நினைத்த நேரம்.

இவ்வளவு தெரிந்தவள் ஒருமுறை தவறவிட்டிருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன், வக்கீல் ஜோடி ஒன்றின் சீரியல். பேசுகிறவர் முகத்தைக் காட்டு என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அவள் அப்போது சீரியலுக்குப் புதிது, பாடத்தை அப்படியே செய்தாள். அவன் பேசினால் அவன் முகம், இவள் பேசினால் இவள் முகம். ஜோடி ஒட்டவில்லை என்றார்கள். அறுபதாவது எபிசோடில் அந்த நடிகையை எடுத்துவிட்டு வேறொரு பெண்ணைப் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று பழையதை அழிக்க உட்கார்ந்தபோதுதான் கத்தரி தான் வெட்டித் தள்ளியதைப் பார்த்தாள். அந்தப் பெண் பேசும்போது சுமார். கேட்கும்போது அவள் முகம் வேறு. எதிரில் இருப்பவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அதில் வந்து உட்கார்ந்து எழுந்து போனது. சரியாக அது தொடங்கும் இடத்தில் எல்லாம் கத்தரி வெட்டியிருந்தாள். அறுபது எபிசோடிலும்.

அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறாள். கடை கத்தரியின் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். கண்ணாடி மாற்ற வேண்டுமானால் கத்தரி பஸ் ஏறி வேறு கடைக்குப் போகிறாள்.

அதனால்தான் இந்தச் சீரியலில் அவள் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பதில்லை, யார் கேட்கிறார்கள் என்று பார்க்கிறாள். பார்த்தால் கோளாறு நன்றாகவே தெரிந்தது. டாக்டர் கேட்பதில்லை. மருமகள் பேசி முடிக்கும் வரை தன் முறைக்குக் காத்திருக்கிறார், அவ்வளவுதான். தன் க்ளோசப்புகள் முடிந்ததும் கிளம்பியும் விடுவார். பிறகு மருமகளின் க்ளோசப்புகளை எடுக்கும்போது எதிரில் நின்று டாக்டரின் வசனத்தைப் படிப்பது ப்ராம்ப்டர். ஐம்பத்தைந்து வயது, தொப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. காதல் வசனமோ மரணச் செய்தியோ எல்லாவற்றையும் ஒரே குரலில் படிப்பதால் அவரை ரேடியோ என்பார்கள். அந்த ரேடியோவின் எதிரில்தான் மருமகளின் முகத்தில் விளக்கேற்றியதுபோல் இருந்தது. டாக்டர் கூடவே நிற்கும் அகல ஷாட்டுகளில் அதே முகம் ரேஷன் கார்டு படம்.

ஆகவே கத்தரியின் கணக்கு எளிது. மருமகளின் க்ளோசப்புகளை முழுதாக வைத்துக்கொள்வது. ரேடியோவின் குரலை எடுத்துவிட்டு டாக்டரின் குரலை அங்கே வைப்பது. ரேடியோ நிறுத்தி நிறுத்திப் படிப்பார், டாக்டர் கொட்டித் தீர்ப்பார், அதனால் டாக்டரைப் பிரித்து நடுநடுவே மூச்சு வைத்து ரேடியோவின் வேகத்துக்குக் கொண்டுவருவது. பத்தரை மணிக்குள் குரல் முழுக்க முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசினார்கள்.

கண்ணைத் திறந்தால் வேறு சிக்கல். இரண்டு பேர் நேருக்கு நேர் பேசுவதாகக் காட்ட, ஒருவர் திரையின் வலப்பக்கம் பார்க்க வேண்டும், மற்றவர் இடப்பக்கம். அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பதாக நம் கண் நம்பும். அதற்காக ப்ராம்ப்டர் கேமராவின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். செவ்வாய்க்கிழமை செட்டில் ஏசி ஒழுகியிருக்கிறது. ரேடியோ நிற்கிற இடத்தில் யாரோ ஒரு வாளியை வைத்திருக்கிறார்கள். டேக் நடுவே வாளியை உதைத்துத் தொலைத்தால் வம்பு என்று அவர் கேமராவின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார். மருமகள் அவரைப் பார்த்துப் பேசினாள். ஆறு க்ளோசப்பும் அப்படியே எடுத்து முடித்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இப்போது திரையில் டாக்டரும் வலப்பக்கம் பார்த்தார், மருமகளும் வலப்பக்கம் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இரண்டு பேர்போல.

படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிவிடலாம், ஒரே பட்டன்தான். திருப்பினாள். மருமகளின் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குத் தாவியது. அந்த மச்சத்தை நாடே அறியும். நாத்தனார் அடுத்த போர்ஷனிலிருந்து சுவரைத் தட்டுவார். பின்னால் சுவரில் இருந்த நாட்காட்டியின் எழுத்தும் வலமிருந்து இடமாக ஓடியது.

மேனேஜர் அதற்குள் நான்கு தடவை போன் செய்துவிட்டார். எதற்குக் கூப்பிட்டாலும் அவசரம் என்று தொடங்குவதால் அவருக்கு அவசரம் என்றே பெயர். எவ்வளவு முடிந்தது என்று கேட்டார், பாதி என்றாள். அடுத்த தடவை கேட்டபோதும் பாதி என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவசரம்தான் என்று நினைத்துத் திட்டத் தயாராகத் திரும்பினாள். மேக்கப் இல்லாத முகத்தோடு மருமகள் நின்றாள். நடிகர்கள் எடிட் ரூமுக்குள் வரக்கூடாது என்பது கம்பெனியில் எழுதாத சட்டம். தன் முகத்தைப் பார்த்துவிட்டால் இதை வை அதை எடு என்று ஆரம்பிப்பார்கள். ஆனால் வாசலில் நிற்கவைத்து வாதாடினால் இன்னும் நேரம் போகும். கத்தரி ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"தப்பு என் மேலயான்னு மட்டும் சொல்லுங்கக்கா. அழ மாட்டேன். ஷூட்டிங்ல அழுது அழுது எனக்கு நிஜத்துல அழுகையே வர்றதில்ல."

"யாரு சொன்னா உன்னை மாத்தப் போறாங்கன்னு?"

"காஸ்ட்யூமர். என் டிரஸ்ஸப் பிரிச்சுப் பெரிசு பண்ணணுமாம். எந்த இடத்துல பிரிச்சா தையல் தெரியாதுன்னு என்கிட்டயே யோசனை கேக்குறாரு."

கத்தரி திரைப் பக்கம் திரும்பினாள். முதலில் அகல ஷாட்டை ஓடவிட்டாள், அதில் டாக்டரும் மருமகளும். பிறகு வெட்டாத க்ளோசப்பை ஓடவிட்டாள், அதில் மருமகள் மட்டும், கூடவே ரேடியோவின் குரல். நீ இல்லாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று ரேடியோ வானிலை அறிக்கை வாசித்தார். திரையில் மருமகளின் கண் நிறைந்தது. ஸ்டூலில் இருந்த பெண் தன் முகத்தை யாரோ தெரிந்தவர் முகம்போல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரேடியோ அண்ணன் நான் முடிக்கிற வரைக்கும் அடுத்த வரிக்குப் போக மாட்டாரு. முடிச்சியான்னு கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பார்ப்பாரு. அதுக்குத்தான் நான் பதில் சொல்றேன்."

"டாக்டரு?"

"அவரு என் நெத்தியப் பார்ப்பாரு. வசனத்த அங்க எழுதி ஒட்டி வெச்ச மாதிரி."

கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும்விட்டது. தப்பு உன் மேல் இல்லை என்று சொல்லலாம். சொல்லி என்ன ஆகும்? நான்கு மணிக்குள் அதைக் காட்ட முடியவில்லை என்றால் அது வெறும் ஆறுதல். வருடக்கணக்கில் அவள் ஒரு கடை வாசலைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறாள், ஆறுதல் சொல்ல வாய் வராமல்.

"எனக்கு நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு. நீ பக்கத்துல இருந்தா எனக்குக் கை ஓடாது. கிளம்பு" என்றாள்.

அந்தப் பெண் எழுந்து போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனது கத்தரியை இன்னும் சங்கடப்படுத்தியது. அடித்துச் சாத்தியிருக்கலாம்.

டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள். இரண்டு முகங்களையும் காட்டாமல் அகல ஷாட்டிலேயே நான்கு நிமிடத்தையும் ஓட்டிப் பார்த்தாள். ரேஷன் கார்டு. மருமகளை மட்டுமே காட்டிப் பார்த்தாள். புருஷன் போனில் பேசுவதுபோல் இருந்தது. ஒன்றரை மணி. திருப்பிப் போட்ட க்ளோசப்புகளைக் கடுப்பில் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.

ஒன்றை அழித்தால் அந்த ஓட்டையை மூட, பின்னால் இருப்பதெல்லாம் தானாக முன்னால் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். டாக்டரின் மூச்சுக்காக அவருடைய டேக்குகளின் பின்துண்டுகளை, அதாவது டைரக்டர் கட் என்று சொன்ன பிறகு கேமரா நிற்கும் வரை ஓடிய துண்டுகளை, அவள் வரிசையின் கடைசியில் கொட்டி வைத்திருந்தாள். அதில் ஒன்று நகர்ந்து வந்து மருமகளின் திருப்பாத க்ளோசப்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது. ஒட்டியது சரியா என்று பார்க்க அவள் ஓடவிட்டாள்.

மருமகள் வலப்பக்கம் பார்த்துச் சொன்னாள்: நான் இருந்தேன்னு உங்களுக்கு எப்பவாவது தெரிஞ்சுதா? டாக்டர் வலப்பக்கம் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். ஏதோ சொல்ல வருவதுபோல் உதடு பிரிந்தது, சொல்லவில்லை. எச்சில் விழுங்கினார். தலை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமே நீண்டது.

கத்தரியின் வலது கை மவுஸிலிருந்து எழுந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டது.

அவர் பார்த்தது கார் வந்துவிட்டதா என்று. செட்டின் அந்தப் பக்கம்தான் கேட். கட் சொன்ன நொடியிலிருந்து அவர் கண் கேட்டிலேயே இருக்கும், அது கம்பெனி முழுக்கத் தெரியும். ஆனால் திரையில் காரும் இல்லை, கேட்டும் இல்லை. கதைப்படி அந்தப் பக்கம் வீட்டின் ஜன்னல். ஒரே அறையில் இரண்டு பேர், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல், இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து மாதமாகப் பேசாதவர்கள் வேறு எப்படி நிற்பார்கள்? பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் என்று காலையில் நினைத்தது அதே படம்தான்.

அதன்பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. அந்த ஜன்னலை மட்டும் தனியாக எடுத்த ஷாட் எங்கேயோ இருக்க வேண்டும். தேடினாள். பன்னிரண்டாவது எபிசோடுக்காக எடுத்து உபயோகிக்காமல் விட்டது கிடைத்தது. தூசி படிந்த கண்ணாடி, வெளியே கொடியில் துணி இல்லாமல் ஆடும் இரண்டு கிளிப்புகள். அதை நடுவில் வைத்தாள். டாக்டரின் பின்துண்டுகள் பத்தொன்பது. செல்போனுக்குக் கை போனவற்றைத் தள்ளினாள், கைக்கடிகாரத்தைப் பார்த்ததைத் தள்ளினாள், மேக்கப்பைத் தொட்டுவிடுபவரின் பஞ்சு உள்ளே வந்ததைத் தள்ளினாள். ஏழு மிஞ்சின. ஏழிலும் அந்த மனிதர் தவித்தார். வீட்டுக்குக் கிளம்பத் தவித்த தவிப்பு, பெண்டாட்டி போய்விடுவாளே என்ற தவிப்பாக மாற ஒரு இழை கூட்டவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு இழை குறைக்கவும் வேண்டியிருக்கவில்லை. மருமகள் பேசும்போது அவர் பேசாமல் இருந்தார். அவர் பேசும்போது மருமகளின் முகம் கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது ஒரே இடத்தில், கடைசியில், அவர் பெட்டியின் பிடியைப் பற்றும்போது. அதற்கு அகல ஷாட்டையே வைத்தாள். அவ்வளவு தூரத்தில் நெற்றியைப் பார்த்தாலும் கண்ணைப் பார்த்தாலும் ஒன்றுதான்.

மூன்று மணிக்கு அவசரம் டைரக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டைரக்டர் ஒல்லியான மனிதர், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே நின்று பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடு என்று கையைக் காட்டினார். இரண்டாவது தடவை உட்கார்ந்து பார்த்தார்.

"இது நான் எடுத்ததா?" என்று கேட்டார்.

"நீங்க எடுத்ததுதான் சார். கட் சொன்னதுக்கு அப்புறம் எடுத்தது."

அவசரத்துக்குத் திருப்தி இல்லை. நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லையே என்றார். சேனலில் நேருக்கு நேர் கேட்பார்கள். மச்சம் அந்தப் பக்கம் போனால் போகட்டும், திருப்பிப் போட்டு, முகம் மாற்றி முகம், பின்னால் மியூசிக் வைத்து இன்னொரு வெர்ஷன் கொடு என்றார். சேனலுக்கு எப்போதும் இரண்டு வெர்ஷன் போவதுதான் வழக்கம். எது வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டு போனால் என்ன நடக்கும் என்று கத்தரிக்குத் தெரியும். பழக்கமானதைத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். பார்த்ததும் ஒட்டவில்லை என்பார்கள். மற்றதை ஓட்ட மாட்டார்கள். புதுப் பெண்ணுக்குப் போன் போய்விடும்.

"ரெண்டாவது கிடையாது. ரெண்டு குடுத்தா, நமக்கே இதுல நம்பிக்கை இல்லைன்னு எழுதிக் குடுத்த மாதிரி" என்றாள்.

"உனக்கு என்னம்மா வந்துச்சு? கேட்டதக் குடுத்துட்டுப் போ. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா உன் தலையிலயா விடியப் போகுது?"

கத்தரி நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வக்கீல் சீரியல்ல ஒரு பொண்ண மாத்துனாங்க, ஞாபகம் இருக்கா சார்? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்ல. நான் வெட்டின வெட்டுல போச்சு. இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

டைரக்டர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். அதைப் பேனாவில் மாட்டினார். அந்தச் சீரியலுக்கும் அவர்தான் டைரக்டர்.

"நான் பார்த்தது ஒரு வெர்ஷன்தான். எனக்கு அது தெரியும், வேற தெரியாது" என்று அவசரத்திடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சேனலில் கேட்டால் பதில் சொல்ல நான் வரமாட்டேன், நீயே கொண்டுபோய்க் கொடு, நீயே பேசிக்கொள் என்று அவசரம் கையைக் கழுவினார். கழுவிய கையோடு வாசலில் வண்டியை மட்டும் நிறுத்திவைத்தார். அவர் கெட்டவர் இல்லை, நான்கு பக்கமும் பதில் சொல்லிப் பழகியவர்.

எபிசோட் முழுதாக டிஸ்க்கில் ஏறி முடிய இருபத்திரண்டு நிமிடம் என்று திரை காட்டியது. அவள் நின்றாள், நடந்தாள், பையில் குடை இருக்கிறதா என்று பார்த்தாள், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஏறி முடிந்ததும் நடுவில் நான்கு இடத்தில் தட்டிப் பார்த்தாள். டிஸ்க்கை உருவி உறையில் போட்டாள். உறையில் எபிசோட் எண்ணை எழுதினாள். வெர்ஷன் என்று அச்சடித்த கட்டத்தில் ஒன்று என்று எழுதி, அதன்மேல் பேனாவை இன்னொரு தடவை அழுத்தி ஓட்டினாள்.

வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. டிரைவர் பாட்டுப் போடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றாள். சேனல் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் வழக்கமாக டிஸ்க்கை வாங்கிக்கொள்ளும் குமாஸ்தா இருந்தார். இன்று அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்து நிகழ்ச்சி அதிகாரியே வெளியே வந்தார். நரை முடியை இறுக்கிக் கட்டிய பெண்மணி. அவருடைய மேசை கதவு வழியாகத் தெரிந்தது, அதில் மூன்று பெண்களின் படங்கள் வரிசையாகக் கிடந்தன. மணி நான்குக்கு ஆறு நிமிடம் இருந்தது.

"நூத்தி நாப்பத்தாறா?"

"ஆமாம் மேடம்."

அதிகாரி அவள் கையையும் பையையும் பார்த்தார். "இன்னொண்ணு எங்க? எப்பவும் ரெண்டு வருமே."

"இந்தத் தடவை ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா?"

"இதுல அந்தப் பொண்ணு நல்லா செஞ்சிருக்கா மேடம். அது தெரியலைன்னா அவளை மாத்தாதீங்க, என்னை மாத்துங்க."

குமாஸ்தா ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கினார். அதிகாரி கையை நீட்டினார். கத்தரி உறையின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்தி, டிஸ்க்கை அந்தக் கையில் வைத்தாள்.